எந்தத் துறை வைத்தியர்? கிழக்கில் ஒரு தெரிவு உருவாகும் விதம்

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாட்களில் கிழக்கிலங்கையின் அக்கரைப்பற்றிலிருந்து ஏறாவூர் வரை பிரதான வீதியோரப் பாடசாலை மதில்களில் பதாகைகள் தொங்குகின்றன. உயிரியல் பிரிவில் மாவட்டத்தில் முன்னிலை பெற்ற மாணவரிடம் செய்தியாளர்கள் ஏன் மருத்துவத்தைத் தெரிவு செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். வறிய மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்ற பதில் வருகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் மனதாரச் சொல்லப்படும் பதில் அது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அதே மாணவர் எட்டு அல்லது பத்து ஆண்டுகள் கழித்து, எந்தச் செய்தியாளரும் அருகில் இல்லாத வேளையில், இன்னொரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருக்கிறது. உடலின் எந்தப் பகுதியை, எந்த வயதினரை, எந்த வகை நோயை வாழ்நாள் முழுவதும் தம் பொறுப்பாக ஏற்பது என்பதே அந்தக் கேள்வி. களுவாஞ்சிகுடியிலோ பொத்துவிலிலோ ஒரு நோயாளி தமக்குத் தேவையான நிபுணரைச் சொந்த ஊருக்கருகில் காண முடியுமா என்பதைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது விடைதான் தீர்மானிக்கிறது. அது எவ்வாறு உருவாகிறது என்பதை நாம் மிகக் குறைவாகவே பேசியிருக்கிறோம்.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்வது அவசியம். இலங்கையில் மருத்துவப் பட்டப்படிப்பு ஐந்து ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு உள்ளகப் பயிற்சி. பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, மகப்பேறும் பெண்நோயியலும், குழந்தை மருத்துவம் என்னும் நான்கு பெரும் துறைகளுள் இரண்டில், ஒவ்வொன்றிலும் ஆறு மாதங்கள் இளம் வைத்தியர் இரவு பகலாக நோயாளர் விடுதிகளில் நிற்கிறார். பின்னர் ஏதாவதொரு வைத்தியசாலையில் நியமனம் பெற்றுப் பணியாற்றிக்கொண்டே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் தெரிவுப் பரீட்சைக்கு ஆயத்தமாகிறார். அதில் தேறினால் எம்.டி. என்னும் பட்டப்பின் பயிற்சி, அதன் பரீட்சைகள், சிரேஷ்ட பதிவாளர் என்னும் மேற்பயிற்சி வைத்தியராகக் கழியும் காலம், பெரும்பாலான துறைகளில் ஓராண்டு வெளிநாட்டுப் பயிற்சி ஆகியவற்றைக் கடந்து நிபுணராகச் சான்று பெறும்போது வயது முப்பதுகளின் பின்பாதியை எட்டியிருக்கும். இந்த நீண்ட பாதையில் எந்தப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பது என்று முடிவெடுக்கும் காலம் மிகக் குறுகியது. உள்ளகப் பயிற்சியின் களைப்பும் முதல் நியமனத்தின் தனிமையும் திருமணப் பேச்சுகளும் ஒன்றாகக் கூடி நிற்கும் காலமும் அதுவே.

துறைத் தெரிவு பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சில காரணங்களை மீண்டும் மீண்டும் சுட்டுகின்றன. மாணவப் பருவத்தில் கவர்ந்த ஆசிரியர், நோயாளியுடன் நீண்ட உறவு வேண்டுமா வேண்டாமா என்ற மனப்பாங்கு, கைவினைத் திறனில் உள்ள விருப்பம், வருமானம், குடும்ப வாழ்வுக்கு எஞ்சும் நேரம் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கடைசியாகச் சொன்னது 1989ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆய்வாளர்களால் தனியே பெயரிட்டு ஆராயப்பட்டது. தோல் மருத்துவம், கதிரியக்கவியல், கண் மருத்துவம், மயக்க மருந்தியல் போன்ற, வேலை நேரத்தைத் தாமே ஓரளவு வகுத்துக்கொள்ளக்கூடிய துறைகளை நோக்கி அந்நாட்டு மாணவர்கள் நகர்வதை அவர்கள் கவனித்தார்கள். இந்தியாவிலும் பட்டப்பின் நுழைவுத் தேர்வில் முன்னிலை பெறுவோர் கதிரியக்கவியலையும் தோல் மருத்துவத்தையும் விரும்பிக் கேட்பது பல ஆண்டுகளாகக் காணப்படுகிறது. இதைச் சுயநலம் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. முப்பத்தாறு மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்த ஒருவர், இதே வாழ்வு அறுபது வயது வரை வேண்டுமா என்று தம்மையே கேட்டுப் பார்ப்பது இயல்பு.

ஆயினும் பொதுமக்களாகிய நாம் கேட்க விரும்பும் கதை வேறு. தாயை இழந்தவர் மகப்பேற்று வைத்தியரானார், தம்பியை இழந்தவர் புற்றுநோய் வைத்தியரானார் என்ற கதைகள் நம் மனதைத் தொடுகின்றன. அவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் இழப்பு ஒருவரை எங்கே கொண்டு சேர்க்கிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்த்தால் பாதை நேராக இருப்பதில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய கோவிந்தப்ப வெங்கடசாமி 1918இல் தமிழ்நாட்டுக் கிராமமொன்றில் பிறந்தவர். பிள்ளைப்பேற்றோடு தொடர்புடைய சிக்கல்களால் தம் உறவுப் பெண்கள் மூவர் இறந்ததைக் கண்ட சிறுவன், மகப்பேற்று வைத்தியராவதென்று உறுதி கொண்டான். மருத்துவம் கற்று இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்த பின் கடுமையான முடக்குவாதம் அவருடைய விரல்களை வளைத்துவிட்டது. மகப்பேற்றுப் பணி இனி இயலாது என்றாகிவிட்ட நிலையில் அவர் கண் மருத்துவத்துக்கு வந்தார். வளைந்த விரல்களால் கத்தியைப் பிடிக்கப் புதிதாகப் பழகிக்கொண்டார். அரச பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்தைத் தொடங்கினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் சத்திரசிகிச்சைகளைச் செய்தவர் அவர். அவரை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது ஒன்று, கண் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தது வேறொன்று. அந்தத் துறையில் அவரை நிலைக்கச் செய்ததோ, வெண்புரை நீங்கிய முதியவர் மீண்டும் வயலுக்குப் போவதைத் தினமும் கண்ட அனுபவமாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

அடையாறு புற்றுநோய் நிலையத்தின் வரலாறு இதைவிடத் தெளிவாக ஒன்றைக் காட்டுகிறது. முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரின் தொடர்ச்சியாக, பல ஆண்டு முயற்சிக்குப் பின், 1954இல் அந்நிலையம் உருவானது. மகப்பேறும் பெண்நோயியலும் கற்ற வி. சாந்தா, அரச மருத்துவமனை ஒன்றில் உறுதியான நியமனம் கிடைத்தும் அதை விட்டுவிட்டு 1955இல் அங்கே வந்து சேர்ந்தார். 2021இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். ஒருவரின் இழப்பு ஓர் இடமாக மாறியதால்தான் இன்னொருவருக்கு அது வாழ்நாள் பணியாயிற்று. அந்நிலையம் இல்லாதிருந்தால் சாந்தா சிறந்த மகப்பேற்று வைத்தியராக இருந்திருப்பார். புற்றுநோய்த் துறையைத் தெரிவு செய்ய அவருக்கு ஒரு வாசல் இருந்திருக்காது.

ஈர்ப்பு என்பது ஒருவரின் உள்ளத்தில் தனியே முளைத்து வருவதாக நாம் எண்ணுகிறோம். நான் புரிந்துகொண்ட அளவில், ஒரு துறையை நன்றாகச் செய்யும் ஒருவரை அருகிலிருந்து போதிய காலம் பார்த்தவருக்கே அந்தத் துறையின் மீது ஈர்ப்பு வருகிறது. இதை ஏற்றுக்கொண்டால் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடுகிறது. நம் பிள்ளைகளுக்கு எதில் விருப்பம் என்று கேட்பதற்கு முன், அவர்கள் எதைக் கண்டிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பழைய நாட்களில் இந்தக் கேள்வியே எழவில்லை. கிழக்கின் நாட்டு வைத்தியத்தில் துறைப் பிரிவு இருந்தது. விசகடி வைத்தியர், முறிவு நெரிவு பார்ப்பவர், கண் வைத்தியர் எனத் தனித்தனிக் குடும்பங்கள் இருந்தன. தகப்பனின் கைப்பழக்கம் மகனுக்கு வந்தது. வீட்டு முற்றமே அவனுக்குப் பயிற்சிக்கூடம். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் தெரிவும் இல்லை. இன்று மருத்துவம் கற்கும் மாணவர் அந்த முற்றத்திலிருந்து விடுபட்டவர் என்றாலும், கண்ணில் படுவதைத்தான் விரும்ப முடியும் என்ற நியதியிலிருந்து அவரும் விடுபடவில்லை.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வளரும் ஒரு பிள்ளை வாழ்க்கையில் சந்திக்கும் மருத்துவம் எது? தடுப்பூசி போடும் குடும்பநலச் சேவை உத்தியோகத்தர், கிராமிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு, அவசரமென்றால் வாவியைக் கடந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை. அவர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்துக்குள் நுழையும்போதுதான் உடற்கூற்றியலுக்கும் நோயியலுக்கும் நுண்ணுயிரியலுக்கும் தனித்தனி நிபுணர்கள் உண்டென்பதை முதன்முதலாக நேரில் காண்கிறார். பின்னர் விடுதிகளுக்கு வரும்போது பெரும் துறைகள் நான்கும் அவருடைய நேரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. உள்ளகப் பயிற்சியும் அந்த நான்குக்குள்ளேயே நடக்கிறது. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நோயாளியின் தலைமாட்டில் நின்று மூச்சையும் நாடியையும் காக்கும் மயக்க மருந்து நிபுணரை அவர் பார்க்கிறார், ஆனால் அந்த வேலையின் நுட்பத்தைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அங்கே நிற்பதில்லை. இழையத் துண்டை நுண்நோக்கியில் பார்த்து இது புற்றுநோய் என்று தீர்ப்புச் சொல்லும் நோயியல் நிபுணர் ஒரு கையொப்பமாகவே அவருக்குத் தெரிகிறார். நாட்டில் மயக்க மருந்து நிபுணர்களுக்கும் உளநல வைத்தியர்களுக்கும் தட்டுப்பாடு நிலவுவதற்கு வருமானமும் வேலைப்பளுவும் காரணங்கள்தாம். அந்தத் துறைகளை ஒருவர் காதலிக்கும் அளவுக்கு அருகில் காணும் வாய்ப்பு பிந்தியே கிடைப்பதும் அதற்கிணையான காரணம் என்பேன்.

இதில் கிழக்கு மாகாணத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. வேறிடங்களில் மறைந்திருக்கும் சில துறைகள் இங்கே வரலாற்றின் அழுத்தத்தால் வெளிச்சத்துக்கு வந்தன. போர் நீடித்த ஆண்டுகளில், மாகாணத்தில் உளநல வைத்திய நிபுணர் மிக அரிதாக இருந்த காலத்தில், மட்டக்களப்பில் பணியாற்றிய மகேசன் கணேசன், மருத்துவ உத்தியோகத்தர்கள், தாதியர், சமூகப் பணியாளர்கள் ஆகியோரைச் சேர்த்துக்கொண்டு உளநலச் சேவையை வைத்தியசாலைக்கு வெளியே கிராமங்களுக்குக் கொண்டு சென்றார். உளநோய் என்றாலே கொழும்புக்கருகே அங்கொடையிலுள்ள மனநல வைத்தியசாலைக்கு அனுப்புவது என்றிருந்த வழக்கத்துக்கு மாறாக, சொந்த மாவட்டத்திலேயே ஒருவர் குணமாகி வீட்டுக்குத் திரும்பக் கூடும் என்பது கண்முன் நிகழ்ந்தது. அப்பணியை அருகிலிருந்து பார்த்த இளம் வைத்தியர் ஒருவருக்கு உளமருத்துவம் என்பது பாடநூலின் கடைசி அத்தியாயமாகத் தோன்றியிருக்க முடியாது. மேலும், இத்துறையில் மொழியே முதன்மையான கருவி. வயிற்றைத் தொட்டுப் பார்த்து அறியும் நோயை மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் ஓரளவு சமாளித்துவிடலாம். ஒரு தாய் தன் அச்சத்தைக் கிராமத்துப் பேச்சில், பாதி சொல்லியும் பாதி சொல்லாமலும் வெளிப்படுத்தும்போது அந்தப் பேச்சுக்குள் வளர்ந்தவர் கேட்பது வேறுதான். தமிழ் பேசும் மாணவர் உளமருத்துவத்தைத் தெரிவு செய்வதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை என்று நம்புகிறேன். முழு நிபுணத்துவப் பயிற்சிக்குச் செல்ல இயலாதவர்களுக்கு உளமருத்துவ டிப்ளோமா என்ற இடைப்பட்ட வழியும் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

2004 டிசம்பர் 26இன் சுனாமி கற்பித்த பாடம் இன்னொரு வகையானது. நாட்டிலேயே அதிக உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்தில் நேர்ந்தது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, திருக்கோவில் எனக் கரையோரம் முழுவதும் சிதைந்தது. பேரழிவென்றால் சத்திரசிகிச்சை நிபுணரே முதலில் தேவைப்படுவார் என்று நாம் நினைப்போம். சுனாமியில் அவ்வாறு இருக்கவில்லை. அலை பெரும்பாலும் உயிரைப் பறித்தது அல்லது விட்டுச் சென்றது; இறந்தோரை அடையாளம் காண்பதும், முகாம்களில் குடிநீரையும் மலசலகூடத்தையும் காப்பதும், பிள்ளைகளை இழந்தோரின் அருகில் இருப்பதுமே பெரும் பணிகளாயின. சட்ட மருத்துவமும் சமுதாய மருத்துவமும் உளமருத்துவமும் எதற்காக இருக்கின்றன என்பது அந்த வாரங்களில் விளங்கியது. அஞ்சியதுபோல் பெரும் தொற்றுநோய் எதுவும் முகாம்களில் பரவவில்லை. சமுதாய மருத்துவத்தின் வெற்றி எப்போதும் நிகழாமற்போன ஒன்றாகவே இருப்பதால், அதைக் கண்டு ஈர்க்கப்படுவது கடினம். ஈர்க்கப்பட்டவர்கள் ஆழமாக ஈர்க்கப்பட்டவர்கள்.

அன்றாட நோய்களும் தம் பங்குக்கு மாணவரை அழைக்கின்றன. வேளாண்மை வெட்டும் காலத்தில் பாம்புக்கடிக்கு ஆளானோர் வைத்தியசாலைகளுக்கு வருகிறார்கள். நரம்பைத் தாக்கும் கட்டுவிரியனின் நஞ்சு, பாயில் உறங்கியவரை விடியும்போது கண் திறக்கவும் மூச்சு விடவும் முடியாதவராக்கிவிடும்; செயற்கைச் சுவாசத்தில் சில நாட்கள் காத்தால் அவர் எழுந்து வீட்டுக்கு நடந்து போகிறார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இதை ஒருமுறை முழுமையாகப் பார்த்த மாணவருக்கு அந்தப் பிரிவின் பொருளை விரிவுரையால் விளக்கத் தேவையில்லை. இந்தியாவிலிருந்து இறக்குமதியாகும் விசமுறி மருந்து இலங்கையில் பரவலாகக் கடிக்கும் கூம்புமூக்குப் புடையனுக்கு உதவாது என்ற உண்மையும் ஆராய்ச்சி மனம் படைத்த ஒருவரைப் பிடித்துக்கொள்ளும். தொழுநோயும் அவ்வாறே. வாவியின் நடுவே மாந்தீவில் நோயாளர்களைத் தனித்து வைத்த வைத்தியசாலை ஒரு காலத்தின் அச்சத்துக்குச் சான்று. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டுமருந்துச் சிகிச்சை அந்நோயை முற்றாகக் குணப்படுத்தக்கூடியதாக்கியது. இருந்தும் மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்றும் புதிய நோயாளர் கண்டறியப்படுகிறார்கள். உணர்விழந்த ஒரு வெண்படையைத் தேமல் என்று விட்டுவிடாமல் உரிய நேரத்தில் இனங்காண்பவர் ஒருவரின் விரல்களைக் காக்கிறார். தோல் மருத்துவத்தை அழகுக் களிம்புகளின் துறை என்று எண்ணுவோர் இங்கே சில மாதங்கள் பணியாற்ற வேண்டும்.

பெண் மருத்துவர்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். நம் மருத்துவ பீடங்களில் மாணவிகள் பெரும் எண்ணிக்கையில் கற்கிறார்கள். சத்திரசிகிச்சைத் துறைகளின் நிபுணர் பட்டியலில் அந்த விகிதத்தைக் காண முடிவதில்லை. பயிற்சிக் காலத்தின் பெரும்பகுதி கொழும்பிலும் கண்டியிலும் கழிகிறது. வெளிநாட்டு ஆண்டும் உண்டு. அந்த ஆண்டுகள் திருமணமும் குழந்தைப்பேறும் எதிர்பார்க்கப்படும் ஆண்டுகளோடு அப்படியே பொருந்திப்போகின்றன. இரவு அழைப்பில்லாத துறையாகப் பார் மகள் என்று பெற்றோர் சொல்வது அக்கறையில்தான் பிறக்கிறது. ஆனால் காத்தான்குடியிலும் கல்முனையிலும் கிராமங்களிலும் பெண் வைத்தியரிடமே காட்ட விரும்பும் பெண்கள் பெருந்தொகையாக இருக்க, மகப்பேற்றுத் துறை நம் நாட்டில் நெடுங்காலமாக ஆண் நிபுணர்களின் துறையாகவே இருந்து வந்திருக்கிறது. வழி அடைக்கப்படுவது இங்கு மட்டும் நடந்ததுமன்று. அமெரிக்காவில் வேர்ஜீனியா அப்கார் 1933இல் மருத்துவப் பட்டம் பெற்றுச் சத்திரசிகிச்சையில் பயிற்சி பெற்றவர். பெண் என்ற நிலையில் அத்துறையில் வாழ்க்கை அமையாது என்று கருதிய அவருடைய மேலாளர், மயக்க மருந்தியலுக்குப் போகுமாறு ஆலோசனை கூறினார். அந்தத் துறையில் பிரசவ அறையில் நின்றதனால்தான் பிறந்த குழந்தையின் நிலையை ஐந்து அறிகுறிகளைக் கொண்டு அளவிடும் முறையை அவர் வகுத்து 1953இல் வெளியிட்டார். இன்று மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பிறக்கும் குழந்தைகளின் பதிவேட்டில் அவருடைய பெயரில் அமைந்த புள்ளி எழுதப்படுகிறது. அவருடைய வெற்றி, அவருக்கு நேர்ந்த அடைப்பை நியாயப்படுத்திவிடாது.

வருமானத்தைப் பற்றி நம் சமூகம் கூச்சத்தோடு பேசுகிறது. ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். அரச வைத்தியர்கள் கடமை நேரத்துக்குப் பின் தனியாக நோயாளரைப் பார்க்க அனுமதி உண்டு. மக்கள் தாமாகத் தேடிச் சென்று சனல் பண்ணும், அதாவது கட்டணம் செலுத்தி முன்பதிவு செய்து காணும், துறைகளுக்கும், நோயாளி ஒருபோதும் பெயர் சொல்லித் தேடாத மயக்க மருந்தியல், நோயியல், சட்ட மருத்துவம், சமுதாய மருத்துவம் ஆகியவற்றுக்கும் இடையே இதனால் பெரிய வருமான இடைவெளி உருவாகிறது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர் பலர் நாட்டை விட்டு வெளியேறியபோது அந்த இடைவெளி இன்னும் கூர்மையாக உணரப்பட்டது. எந்தத் துறைக்கு வெளிநாட்டில் எளிதில் இடம் கிடைக்கும் என்பதும் இப்போது தெரிவுக்கான கணக்கில் சேர்ந்துவிட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டல், கிராமப்புறங்களில் சுகாதாரப் பணியாளரைத் தக்கவைப்பது பற்றியது. கிராமப் பின்னணி கொண்ட மாணவரைச் சேர்த்துக்கொள்வதையும், கற்கும் காலத்திலேயே அவர்களைக் கிராம வைத்தியசாலைகளில் பயிற்றுவதையும் அது பரிந்துரைத்தது. அவற்றுள் முதலாவது, பல்கலைக்கழக அனுமதிக்கான மாவட்ட ஒதுக்கீட்டின் மூலம், நம் மாவட்டங்களில் ஓரளவு நடக்கிறது. இரண்டாவதில்தான் குறை. ஆதார வைத்தியசாலைகளுக்கு முதல் நியமனத்தில் வரும் நிபுணர் வருடாந்த இடமாற்றத்தில் பெருநகரொன்றுக்குச் சென்றுவிடுகிறார்; ஒரு துறையின் அலகு உருப்பெறுவதற்கு முன்பே அதன் தலைவர் மாறிவிடுகிறார். அவரிடம் ஆறு மாதம் வேலை கற்ற இளம் வைத்தியர் அந்தத் துறையை நேசிக்கத் தொடங்கும் வேளையில் விடுதி வேறொருவர் கைக்குப் போகிறது, அல்லது வெற்றிடமாகக் கிடக்கிறது. நிபுணத்துவப் பயிற்சி பெறும் பதிவாளர்களை மட்டக்களப்புக்கு அப்பால் கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை போன்ற வைத்தியசாலைகளுக்கும் உரிய மேற்பார்வையுடன் சுழற்சியில் அனுப்புவதும், மயக்க மருந்தியலிலும் நோயியலிலும் உளமருத்துவத்திலும் இறுதியாண்டு மாணவருக்குச் சில வாரங்களாவது முழுநேரம் தருவதும், ஒரே இடத்தில் ஐந்தாறு ஆண்டுகள் தங்கி அலகொன்றைக் கட்டியெழுப்பும் நிபுணருக்கு அடுத்த இடமாற்றத்தில் முன்னுரிமை வழங்குவதும் புதிய கட்டடங்களைவிடக் குறைந்த செலவில் முடியக்கூடியவை. மாகாண சுகாதாரத் திணைக்களமும் மருத்துவ பீடமும் பட்டப்பின் நிறுவனமும் ஒன்றாக அமர்ந்து வகுக்க வேண்டிய ஏற்பாடு இது. அபிவிருத்திக் குழுக் கூட்டங்களில் கட்டடமும் உபகரணமும் கேட்கும் நம் மக்கள் பிரதிநிதிகள் இதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக் கேட்கலாம்.